வழியைச் சொல்லி எழுதுக!

(உயர்கல்வி பயிலும் தமிழ் மாணவரும் அவர்தம் பெற்றோரும் களனியிலே கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். என் முன்னே அமர்ந்திருப்போரிலே வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்த மருத்துவர், கணக்காளர், ஆசிரியர் ஒருபுறம். கிளிநொச்சியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வயலை விட்டு, பிள்ளையைப் பார்த்துப்போக வந்த கமக்காரர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் இந்தப் பொருள் ஒன்றுபோல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் அடியிலிருந்தே தொடங்குகின்றேன்.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் பெயருடைய கருவி உலகத்தார் கைக்கு வந்தது. அதன்பின் அதையொத்தவை பல வந்துவிட்டன. ஒரு வினாவைக் கொடுத்தால், நூல்நிலையத்திலே ஒரு வாரம் இருந்து எழுத வேண்டிய ஒப்படையை அரை நிமிடத்தில் எழுதி நீட்டுகின்றது. இதைக் கண்ட சில பெரியவர்கள், 'அடியோடு தடைசெய்க' என்கிறார்கள். சில இளைஞர்கள், 'இயந்திரம் எழுதித் தரும்போது நாம் ஏன் மாரடிக்க வேண்டும்?' என்கிறார்கள். இவ்விரு கூற்றையும் நான் ஏற்கவில்லை.

தடைசெய்க என்போருக்கு முதலில் ஒரு வார்த்தை. உயர்தரம் வரையில் தமிழிலே படித்துவிட்டு, இங்கே வந்து மருத்துவத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திலே கேட்டு மலைத்து நிற்கும் பிள்ளையின் இடர்ப்பாட்டை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? கொழும்பிலே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியாசிரியர் கிடைப்பார். முல்லைத்தீவிலிருந்து வந்து வாடகை அறையிலே நான்காம் ஆளாக ஒண்டியிருக்கும் பிள்ளைக்கு எவர் கிடைப்பார்? நள்ளிரவிலே ஒரே ஐயத்தைப் பத்து முறை கேட்டாலும் முகஞ்சுளிக்காமல் பத்து விதமாக விளக்கும் துணை ஒன்று அந்தப் பிள்ளைக்கு இப்பொழுதுதான் வாய்த்திருக்கின்றது. அதைப் பிடுங்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிங்களத்தில் வந்த அறிவித்தலின் பொருளை அறியவும், ஆங்கில நூலின் கடினமான பந்தியைப் புரிந்துகொள்ளவும், படித்ததைத் தானே சோதித்துப் பார்க்க வினாக்களைக் கேட்டு வாங்கவும் அதைப் பயன்படுத்துவதிலே ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அந்தத் துணை எப்படிப்பட்டது என்பதை அறிந்துகொள்ளாமல் அதன் தோளிலே சாய்வது பேதைமை. அது நூல்களைப் படித்து உண்மையை நிறுத்துப் பார்த்து விடை சொல்லும் புலவன் அன்று. கோடிக்கணக்கான பக்கங்களிலே எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்னும் வழக்கத்தைக் கணித்து, அதன்படி அடுத்த சொல்லை, அதற்கடுத்த சொல்லை என்று கோத்துக்கொண்டே போவதுதான் அதன் அடிப்படைத் தொழில். பெரும்பாலும் அந்தக் கோவை உண்மையோடு ஒத்துப்போகின்றது. ஒத்துப்போகாதவிடத்தும் அதே மிடுக்கோடு பேசுகின்றது. இல்லாத நூலுக்குப் பெயரிடும். அந்த நூலுக்கு ஆசிரியரையும் ஆண்டையும் பக்க எண்ணையும் கற்பித்துத் தரும். தடுமாறுகின்ற மனிதன் குரலிலே தடுமாற்றம் தெரியும். இதன் குரலிலே அது தெரியாது.

2023ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே இரு வழக்கறிஞர்கள் இதனை நன்றாக அறிந்துகொண்டார்கள். ஒரு விமானக் கம்பனிக்கு எதிரான வழக்கிலே அவர்கள் தாக்கல் செய்த மனுவில் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகளிற் பல எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்தவை. நீதிபதி 5,000 டொலர் அபராதம் விதித்தார். படித்துப் பட்டம் பெற்றுப் பல்லாண்டு தொழில் செய்தவர்க்கே இந்தக் கதியானால், முதலாம் ஆண்டு மாணவன் எம்மாத்திரம்?

தமிழிலே இந்தக் குறை இன்னும் மிகுதி. ஆங்கிலத்தில் உள்ள அளவுக்குத் தமிழ் எழுத்துக்கள் இணையத்தில் இல்லை. நம் பழைய பத்திரிகைகளும் மலர்களும் ஊர் வரலாறுகளும் பெரும்பாலும் அச்சுத் தாளிலேயே இருக்கின்றன. சில கறையான் வயிற்றுக்குட் போய்விட்டன. ஆகவே ஈழத்து இலக்கியத்தைப் பற்றியோ மலையகத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பற்றியோ வினவும்போது, அந்த இயந்திரம் தெரிந்ததைச் சொல்வதோடு தெரியாததை இட்டுக்கட்டிச் சொல்வதும் உண்டு. அதை நம்பி நம் மாணவரே எழுதி, அந்த எழுத்து மீண்டும் இணையத்தில் ஏறி, நாளைக்கு அதையே இயந்திரம் கற்றுக்கொண்டால், நம் வரலாற்றுக்குப் பொய்யன் ஒருவனை நாமே ஆசிரியனாக அமர்த்தியவர்கள் ஆவோம்.

கமக்காரனின் கிணறு

'பிள்ளை எப்படியாவது சித்தியடைந்தாற் போதும்' என்று எண்ணும் தந்தையர் இங்கே இருக்கக்கூடும். உங்களுக்காக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன்.

விவசாயம் படிக்கும் மாணவன் ஒருவன் நான்கு ஆண்டும் இயந்திரத்தைக் கொண்டே ஒப்படை எழுதிப் பட்டம் பெற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு அவனே விவசாய அதிகாரியாக உங்கள் ஊருக்கு வருவான். உங்கள் வெங்காயத் தறைக்கு எவ்வளவு யூரியா இடவேண்டும் என்று கேட்பீர்கள். அவன் கைத்தொலைபேசியை எடுத்துக் கேட்டுச் சொல்லுவான். அந்தக் கணக்கு எந்த நாட்டு மண்ணுக்கு உரியது என்பது அவனுக்கும் தெரியாது; கருவிக்கும் தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின் மேலே கிடக்கின்றது. மேலே இடும் உரத்தில் பயிர் உண்டதுபோக எஞ்சியது அந்தப் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடி நீரிற் கலக்கின்றது. அங்குள்ள கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கின்றனர். அந்த நீரைத்தான் நம் குழந்தைகள் குடிக்கின்றனர். 2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது, மண்ணை அறியாதவர்கள் மேலிருந்து போடும் கட்டளை வயலை என்ன செய்யும் என்பதை நீங்கள் அனுபவித்தே அறிந்தீர்கள். கல்லாமற் பெற்ற பட்டமும் அப்படிப்பட்ட கட்டளைதான்; கிராமத்துக்குக் கிராமம் சிறிது சிறிதாக வந்து சேரும்.

1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி இந்நாட்டுக்கு வந்தது. இலவசம் என்பது மாணவனுக்குத்தான். பருப்பு வாங்கும்போதும் மண்ணெண்ணெய் வாங்கும்போதும் கமக்காரனும் தோட்டத் தொழிலாளியும் செலுத்தும் வரியிலேதான் இந்தக் கட்டடங்கள் நிற்கின்றன. அவர்கள் விலைகொடுத்து வாங்குவது உங்கள் பட்டத்தாளை அல்ல, உங்கள் அறிவை.

ஓர் இடைச்சொல். இயந்திரத்தைக் கண்டு இன்றைக்கு அலறுகின்ற பெரியோர் சிலர், பணம் வாங்கிக்கொண்டு ஒப்படையும் ஆய்வேடும் எழுதிக் கொடுக்கும் ஆட்கள் நெடுங்காலமாகவே இருந்து வந்ததைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். அப்பொழுது அந்த வசதி பணமுள்ளவன் பிள்ளைக்கு மட்டும் இருந்தது. இப்பொழுது ஏழையின் பிள்ளைக்கும் எட்டிவிட்டது. ஒழுக்கத்தைப் பற்றிய கவலை இந்த வேளை பார்த்துப் பிறந்ததை நான் குறித்துவைத்திருக்கின்றேன்.

களனிக் கதை

நாம் கூடியிருக்கும் இந்தக் களனிக்கு ஒரு பழங்கதை உண்டு. மகாவம்சத்திலே இருக்கின்றது. களனியை ஆண்ட திஸ்ஸன் என்னும் மன்னனுடைய தம்பி உத்தியன், அரசியோடு கள்ளத்தொடர்பு கொண்டிருந்து, வெளிப்பட்டவுடன் ஓடி ஒளிந்தான். ஒளிந்திருந்த இடத்திலிருந்து அரசிக்கு ஓர் ஓலை எழுதி, ஓர் ஆளுக்குப் பிக்குவேடம் இட்டு அனுப்பினான். அரண்மனையிலே நாள்தோறும் உணவுகொள்ளும் தேரரோடு அந்த ஆளும் உள்ளே புகுந்து, அரசி பார்க்கும்படி ஓலையை நிலத்தில் நழுவவிட்டான். ஓசை கேட்டு மன்னன் திரும்பினான், ஓலையை எடுத்தான், தேரரே குற்றவாளி என்று சினந்து அவரைக் கொன்றான். சிங்கள மக்களிடையே வழங்கும் கதையிலே இன்னும் ஒரு செய்தி உண்டு. உத்தியன் அந்தத் தேரரிடமே எழுத்துப் பயின்றவன். அதனால் இருவர் கையெழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன. அந்த ஒப்புமையே தேரருக்கு மரணமாயிற்று. பின்னர் கடல் பொங்கி வந்ததென்றும், அதைத் தணிக்க மன்னன் தன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட்டானென்றும் கதை போகின்றது. அவளே துட்டகைமுனுவின் தாய். எல்லாளனை அறிந்த நமக்கு அவளும் அந்நியள் அல்லள்.

இந்தக் கதையிலே குற்றம் இரண்டு. பிறன் எழுத்தைப் போலத் தன் எழுத்தை உலவவிட்டவன் செய்தது ஒன்று. ஒப்புமையை மட்டும் கண்டு, வினவாமல், விசாரியாமல் தண்டித்த மன்னன் செய்தது மற்றொன்று. முதற் குற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நம்மவர் பேசியே ஆகவேண்டும்.

இயந்திரம் எழுதியதா, மாணவன் எழுதியதா என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவிகள் என்று சில விற்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்குத் தம் கையாலேயே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, அக்கருவிகள் சராசரியாக நூற்றுக்கு 61க்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று கூறின. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் எழுதியவற்றையோ பெரும்பாலும் சரியாகவே கூறின. காரணம் வெளிப்படை. கடன்வாங்கிய மொழியிலே எழுதுபவன் அளவான சொற்களையே ஆளுவான். பழகிய வாக்கியங்களையே அமைப்பான். அந்த ஒழுங்கைக் கண்டு கருவி அதை இயந்திர நடை என்று மயங்குகின்றது. சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறி கருவியை, அதன் கணிப்புத் திருத்தம் குறைவென்று சொல்லி 2023 ஜூலையிலே திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியாயின், தமிழிலே படித்து ஆங்கிலத்திலே தட்டுத்தடுமாறி எழுதும் நம் பிள்ளையன்றோ முதலிற் பிடிபடுவான்? களவு செய்யாமலே கள்ளன் என்று பெயர் எடுப்பான்.

சந்தேகத்தின் விலை

சந்தேகம் என்பது நம் சமூகத்துக்குப் புதிய பண்டம் அன்று. 1970ஆம் ஆண்டளவில், தமிழ்ப் பரீட்சகர் தமிழ் மாணவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்குகின்றனர் என்று ஒரு குற்றச்சாட்டுக் கிளப்பப்பட்டது. அது நிரூபிக்கப்படவேயில்லை. ஆயினும் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே மருத்துவத்துக்கு, 400 புள்ளிகளில், சிங்கள மொழியில் எழுதியவர் 229 பெற்றாற் போதும், தமிழ் மொழியில் எழுதியவர் 250 பெறவேண்டும் என்றாயிற்று. பொறியியலுக்கு 227, 250. தரப்படுத்தல் என்னும் பெயரால் அது தொடர்ந்து, பின்னர் மாவட்டக் கணக்காக உருமாறிற்று. அதனால் எத்தனை இளைஞர் உள்ளம் கசந்தது, அந்தக் கசப்பு எங்கே போய் முடிந்தது என்பதை இந்தச் சபைக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்யாத குற்றத்துக்கே அவ்வளவு விலை கொடுத்தோம். இப்பொழுது உண்மையிலேயே செய்து அகப்பட்டுக்கொண்டால், அகப்பட்டவன் பெயரோடு நில்லாது. அவனுடைய பாடசாலைக்கும் மாவட்டத்துக்கும் அவனுக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கும் அந்தக் கறை ஒட்டும். இது நியாயமன்று. ஆனால் நடைமுறை இதுவே. தமிழ் மாணவன் தன் நேர்மையைக் கைப்பொருளாகக் காக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனாற்றான்.

அந்த நேர்மையை எப்படிக் காப்பது? அதற்கு மேனாட்டு விதிமுறைகளைத் தேடி அலையவேண்டா. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்திலே, ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதுவோர் கூறவேண்டியவை இவையென்று எட்டுப் பொருள்களை வகுத்தார். ஆக்கியோன் பெயர் முதலாவது. இரண்டாவது என்ன தெரியுமா? வழி. இந்நூல் எந்த நூலின்வழி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்த நம் முன்னோர், வழிநூல் எழுதியவனை இகழவில்லை. சுருக்கியும் விரித்தும் மொழிபெயர்த்தும் எழுதுவதை முறையான தொழிலாகவே கொண்டனர். வழியை மறைப்பதற்குத்தான் அவர்கள் இடம் வைக்கவில்லை. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலே பதிப்பித்த காலத்தில், செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக ஆளனுப்பிப் பட்டபாடு பெரிது. தம் பதிப்புரைகளிலே ஏடு உதவியவர்களைச் சொல்லியே எழுதினார். ஏடு கொடுத்தவர் பெயரைச் சொன்னதனால் அவர் புகழ் ஒரு மாத்திரை குறைந்ததா?

ஆகவே தம்பி தங்கையரே, இயந்திரத்தின் உதவி பெற்றால் பெற்றேன் என்று எழுதுங்கள். எதற்குப் பெற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு பாடத்தின் விரிவுரையாளர் அனுமதிப்பார். இன்னொருவர் ஒரு சொல்லும் கூடாது என்பார். கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். கூடாது என்றவிடத்திலே, வழியைச் சொன்னாலும் அது மீறல்தான். உங்களை நீங்களே சோதிக்க ஓர் அளவுகோல் உண்டு. இயந்திரத்தை அணைத்துவிட்டு, வெறுங்கையோடு விரிவுரையாளர் முன்னே நின்று, உங்கள் ஒப்படையின் ஒவ்வொரு பந்திக்கும் காரணம் சொல்ல உங்களால் இயலுமா? இயலாத பந்தி உங்களுடையது அன்று, அதை வெட்டிவிடுங்கள். அது காட்டும் மேற்கோள் ஒவ்வொன்றையும் நூல்நிலையத்திலே நேரிற் கண்டபின்பே எழுதுங்கள். முதல் வரைவையும் குறிப்பேட்டையும் அடித்தல் திருத்தலோடு அப்படியே வைத்திருங்கள். நாளைக்கு எவரேனும் கையை நீட்டிக் குற்றஞ்சாட்டினால் உங்கள் பக்கத்துச் சாட்சி அவைதாம்.

ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உங்களிற் சிலர் ஆய்வேட்டுக்காக இடம்பெயர்ந்த குடும்பங்களிடமும் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரிடமும் செவ்வி காண்கிறீர்கள். மருத்துவ மாணவர் ராகமையிலே நோயாளரின் குறிப்புகளைக் கையாளுகிறீர்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கவும் சுருக்கவும் எளிதென்று அவற்றை அப்படியே இயந்திரத்துக்குள் இடவேண்டா. அந்தத் தாய் தன் வாயைத் திறந்தது உங்களை நம்பி. அவள் பெயரும் ஊரும் அவள் சொன்னதும் கடல்கடந்த ஒரு கம்பனியின் களஞ்சியத்திலே போய்க் கிடப்பதற்கு அவள் சம்மதம் தரவில்லை. இந்நாட்டிலே ஒரு பெயர் எந்தக் கோப்பிலே இருக்கின்றது என்பது உயிர் பற்றிய காரியமாக இருந்த காலத்தை நாம் கடந்து வந்திருக்கின்றோம்.

பல்கலைக்கழகங்களிடமும் கேட்கவேண்டியவை உண்டு. இந்தியாவின் ஹரியானா மாநிலத்திலே சட்டம் பயின்ற மாணவர் ஒருவர், இயந்திரத்தைக் கொண்டு விடை எழுதினார் என்று சித்தியெய்தாதவராக்கப்பட்டபோது, அதனைத் தடுக்கும் வெளிப்படையான விதி இல்லையே என்று 2024ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தை அணுகினார். பின்னர் பல்கலைக்கழகம் அவரைச் சித்தியடைந்தவராக ஏற்றுக்கொள்ள, வழக்கு முடிந்தது. விதியைத் தெளிவாக எழுதிவைக்காத நிறுவனம் தண்டிக்கப் புகுந்தால் தானே தலைகுனிய நேரும் என்பதற்கு இது சான்று.

எனவே நம் மாணவர் எல்லாப் பல்கலைக்கழகப் பீடங்களிடமும் கேட்கவேண்டியவை மூன்று. எது தகும், எது தகாது என்னும் விதி, பாடம் தொடங்கும் முதல் வாரத்திலேயே மும்மொழியிலும் கையில் தரப்படவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் சொல்லியிருக்க, தண்டனைக்குரிய விதியைத் தமிழ்ப் பிள்ளை பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது. கண்டறி கருவி தரும் நூற்றுவீதத்தை மட்டும் வைத்து எவரையும் தண்டித்தலாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்து, அவர் எழுதியதைப் பற்றி அவரிடமே நேர்முகமாக வினவவேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலே விடைசொல்ல இடந்தரவேண்டும். பொருள் தெரிந்தவனா தெரியாதவனா என்பது பத்து நிமிடப் பேச்சிலே புலப்பட்டுவிடும்.

அந்த விதி வரும்வரையிற் காத்திருக்கவேண்டாம். இயந்திர உதவி அனுமதிக்கப்பட்ட ஒப்படையின் கடைசிப் பக்கத்திலே நான்கு வரி எழுத இன்றே தொடங்கலாம். மாதிரிக்கு ஒன்று படிக்கின்றேன். வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: 'இக்கட்டுரையின் பொருளும் அமைப்பும் என்னுடையவை. இரண்டாம் பகுதியிலுள்ள ஆங்கிலக் கட்டுரையை விளங்கிக்கொள்ளவும், ஆங்கில எழுத்துப் பிழை திருத்தவும் சாட்ஜிபிடியின் உதவியைப் பெற்றேன். மேற்கோள்கள் யாவற்றையும் மூலநூல்களிலே நேரிற் பார்த்தேன். முதல் வரைவு என்னிடம் இருக்கின்றது, கேட்டால் காட்டுவேன்.'